ஆள் ஓடி வருகுது

குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளம் நிறைந்துவிட்டது. நயினாதீவு அம்மனிடம் போகிற சனம், பூவும் பழமும் மடியில் வைத்துக்கொண்டு, ஒருவர் மூச்சை மற்றவர் வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். வள்ளக்காரர் அன்ரன் கயிற்றை அவிழ்க்கக் குனிகிறார். அப்போது பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வருகிறது.

"பொறுங்கோ, பொறுங்கோ! ஆள் ஓடி வருகுது!"

எல்லாத் தலையும் கரைப்பக்கம் திரும்புகிறது. வெறும் வீதியில், நீளக் காற்சட்டையும் சப்பாத்துமாக, ஒரு பொம்பிளை வேர்த்து விறுவிறுத்து ஓடி வருகிறாள். அன்ரன் அவிழ்த்த கயிற்றை மறுபடி சுற்றுகிறார். ஒரு பெரியவர் நகர்ந்து இடம் விடுகிறார். தூக்கி ஏற்றுவதற்கென்று இரண்டு கைகள் நீண்டுவிட்டன.

ஓடி வந்தவள் கயிறு கட்டியிருந்த இரும்புக் கட்டையை ஒருதரம் தொட்டாள். திரும்பினாள். வந்த வழியே ஓடிப் போய்விட்டாள்.

வள்ளத்தில் பிறகு வந்த பேச்சை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது.

அந்தப் பொம்பிளை நான்தான்.

ஓடுவதற்கு ஒரு காரணம்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு: என் பெயர் மலர். ஊர் புங்குடுதீவு, இறுப்பிட்டி. தொழில் தையல். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் ஓடத் தொடங்கியவள்.

சீனி வருத்தம் எட்டிப் பார்க்குது, நடவுங்கோ என்றுதான் டொக்டர் சொன்னார். நடந்தேன். ஆனால் எங்கள் ஊரில் ஒருத்தி தனியாக நடக்க ஏலாது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் எல்லாரும் நிறுத்தி, "ஏறுங்கோ அக்கா, இறக்கி விடுறன்" என்பார்கள். ஏறாவிட்டால் அவருக்கும் எனக்கும் ஏதோ கோபம் என்று பின்னேரம் கதை வந்துவிடும். மோட்டார் சைக்கிளுக்குத் தப்பினால் வீட்டு வாசல் படலைகள் இருக்கின்றன. படலைக்குப் படலை ஒரு கதை. நடக்கப் போய்த் தேத்தண்ணி குடித்து, சீனியைக் கூட்டிக்கொண்டு வந்த நாட்களும் உண்டு.

ஓடினால் ஒருவரும் மறிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். மறிக்கவில்லைத்தான். பயந்தார்கள்.

எங்கள் தீவுகளில் வளர்ந்த ஆட்கள் ஓடுவதென்றால் வள்ளத்துக்கு ஓட வேண்டும், இல்லையென்றால் செத்தவீட்டுக்கு ஓட வேண்டும். முதல் நாள் நான் ஓடியபோது வழியில் ஒரு மனுசி தலையை முடிந்துகொண்டு படலைக்கே வந்துவிட்டாள்.

"ஆரடி மோசம் போனது?"

"ஒருத்தருமில்லை. உடம்புக்கு ஓடுறன்."

அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் அவர் தெற்கே கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். கடையில் இருந்தவர்களுக்குச் சனத்தின் மனம் தெரியும். "நீர் ஓடுறது பிழையில்லை" என்றார். "கையிலை ஒரு பையைக் கொண்டு ஓடும். சனம் ஆறுதலா இருக்கும்."

வள்ளத்தின் சட்டம்

ஓடி வருகிற ஆளை விட்டுவிட்டு எங்கள் பக்கத்தில் வள்ளம் வெளிக்கிடாது. இதை ஒருவரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. ஆனால் அம்மனுக்குப் போகிறவர்களும், மாதாவுக்கு நேர்ந்துகொண்டு கடலுக்குப் போகிறவர்களும் ஒன்றுபோல மதிக்கிற சட்டம் இது. அன்ரனிடம் கேட்டால், "நடந்து வாறவருக்கு நேரம் இருக்கு, அவருக்கு அடுத்த வள்ளம். ஓடி வாறவருக்கு இந்த வள்ளம்" என்பார்.

நான் ஓடுவதற்கு இறுப்பிட்டியிலிருந்து இறங்குதுறைவரை நல்ல வீதி. நேராகப் போய் அந்த இரும்புக் கட்டையைத் தொட்டுத் திரும்பினால் மனதுக்கு ஒரு முடிவு கிடைத்த மாதிரி இருக்கும். அதனால் வள்ளத்துக்கு என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆள் இந்த வயதில் ஓடுவாளா?

அன்ரன் சில நாள் ஏமாந்தார். பிறகு பழகிவிட்டார். யாராவது "ஆள் ஓடி வருகுது" என்று கத்தினால், திரும்பியும் பார்க்காமல், "அது மலரக்கா. எடு, எடு" என்று விட்டுவிடுவார்.

ஒரு நாள் ஓடி வந்தது நான் இல்லை.

சிவபாக்கியம் அக்காவின் வழக்கு

சிவபாக்கியம் அக்கா நயினாதீவு. யாழ்ப்பாணத்தில் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். வந்த பஸ் இறங்குதுறைக்குக் கொஞ்சம் முந்திக் காற்றுப் போய் நின்றுவிட்டது. வள்ளம் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. மருந்துப் பையையும் தூக்கிக்கொண்டு, அறுபதைத் தாண்டிய மனுசி ஓடியிருக்கிறார்.

வள்ளத்தில் ஒருவர் கத்தியிருக்கிறார். அன்ரன் வழக்கம்போலச் சொல்லியிருக்கிறார். வள்ளம் போய்விட்டது.

அடுத்த வள்ளம் வரும்வரை நல்ல வெயில். அந்த நேரத்தை அவர் வீணாக்கவில்லை. என் வீடு எதென்று விசாரித்து, ஒரு ஓட்டோவில் வந்து இறங்கினார்.

"நீரோ அந்த ஓட்டக்காரி?"

"ஓமக்கா, உள்ளை வந்து இருங்கோவன்..."

"இருக்க வரேல்லை. உம்மைப் பார்க்க வந்தனான். உம்மடை ஓட்டத்தாலை எங்கடை ஓட்டத்துக்கு மதிப்பில்லாமல் போச்சு."

எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக ஏசியிருக்கிறார்கள். அந்த ஒரு வசனம்தான் நெஞ்சில் தைத்தது. தைக்கிறவளுக்குத் தெரியும், நல்ல தையல் எது என்று.

விசயம் இறங்குதுறைத் தேத்தண்ணிக் கடையில் வழக்காகிவிட்டது. அன்ரன் தன் பக்கத்தைச் சொன்னார்: "மலரக்கா ஓடுறதை விடட்டும். நான் பழையபடி எல்லாருக்கும் நிக்கிறன். அவ ஓடினால் நான் ஒருத்தருக்கும் நிக்கமாட்டன். எனக்கு டீசல் எரியுது."

"நான் சும்மா ஓடேல்லை. பெரிய ஓட்டங்களுக்குப் பழகுறன்" என்றேன்.

சிவபாக்கியம் அக்கா விடவில்லை. "எத்தினை பெரிய ஓட்டம் ஓடினனீர்?"

"ரெண்டு."

"எத்தினை முடிச்சனீர்?"

கடையில் எல்லாரும் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

கதிரையும் சொந்தமும்

முடிக்கவில்லை. இரண்டையும் முடிக்கவில்லை. காரணம் கால் இல்லை, பழக்கவழக்கம்.

முதலாவது கொழும்பில், அரை மரதன். காலி வீதியால் ஓடிக்கொண்டிருக்கிறேன். வெள்ளவத்தையில் ராசன் அத்தானின் சாப்பாட்டுக் கடை. அவர் எங்கள் ஊர்தான். நான் ஓடி வருவேன் என்று தெரிந்து வீதிக்கரையில் கதிரை போட்டு, பக்கத்தில் முக்காலி வைத்து, அதில் பாலப்பமும் தேத்தண்ணியும் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"மலர்! வாரும், வாரும்! இரும்! களைச்சுப் போனீர்!"

சொந்தக்காரர் போட்ட கதிரையை எப்படித் தாண்டிப் போவது? இருந்தேன். ஒரு பாலப்பம். பிறகு உள்ளேயிருந்து அத்தானின் மனுசி வெளியே வந்தா. இன்னொரு பாலப்பம். ஊர்ப் புதினம் கேட்டார்கள். சொன்னேன். கடைசி ஆட்களை அள்ளிக்கொண்டு வருகிற பஸ் கதிரைக்கு முன்னால் வந்து நின்றது. அத்தான் பஸ்காரருக்கும் ஒரு பாலப்பம் கொடுத்தார்.

இரண்டாவது ரொறன்ரோ. தம்பி கூப்பிட்டுப் போயிருந்த நேரம் அங்கே ஒரு வீதியோட்டம். குளிரில் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு ஓடினேன். கரையில் நின்ற வெள்ளைக்காரர் எல்லாரும் முன்பின் தெரியாத என்னைப் பார்த்து, "யு லுக் கிறேற்!" என்று கத்தினார்கள். கலியாணத்தன்றுகூட ஒருவரும் என்னை வடிவு என்று சொன்னதில்லை. ஒரு சந்தியில் செம்மஞ்சள் மேற்சட்டையோடு கார்களை மறித்துக்கொண்டு நின்ற ஒருவருக்கு, நான் "அம்மாளாச்சி" என்று மூச்சு விட்டது கேட்டுவிட்டது.

"ஊரோ?"

"ஓம், புங்குடுதீவு!" ஓட்டத்திலேயே சொன்னேன்.

"எவடம்?"

"இறுப்பிட்டி!" அதுவும் ஓட்டத்தில்தான்.

"இறுப்பிட்டியிலை ஆற்றை பிள்ளை?"

இந்தக் கேள்விக்கு ஓடிக்கொண்டு பதில் சொல்ல ஏலாது. நின்றேன். அவர் அனலைதீவு. அப்பாவின் பக்கத்தால் போய்ப் பார்த்தோம், முட்டவில்லை. அம்மாவின் பக்கத்தால் வந்தோம். அவருடைய மாமியும் என்னுடைய பெரியம்மாவும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள். அவர் மறித்து வைத்த கார்களும் அதுவரை பொறுமையாக நின்றன. நாங்கள் சொந்தத்தைக் கண்டுபிடித்து முடிய, பின்னால் வந்த பஸ் என்னைக் கண்டுபிடித்தது.

சாட்சி

தேத்தண்ணிக் கடையில் தீர்ப்பு இப்படி வந்தது: கொழும்பில் அடுத்த அரை மரதனை நான் முடித்தால் என் ஓட்டம் ஓட்டம்தான், ஊர் ஏற்றுக்கொள்ளும். முடிக்காவிட்டால் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும், வள்ளம் பழையபடி எல்லாருக்கும் நிற்கும்.

"மெடல் கொண்டு வந்தால் காணுமோ?" என்று கேட்டேன்.

"மெடல் கடையிலையும் விக்கும்" என்றார் சிவபாக்கியம் அக்கா. "கண்ணாலை கண்ட ஆள் வேணும்."

அன்ரனுக்கு வள்ளத்து எஞ்சினுக்குக் கொழும்பில் ஒரு சாமான் வாங்க வேண்டியிருந்தது. அவரே சாட்சி என்று முடிவாகியது. என்னைத் தோற்கடிக்க ஆசைப்படுகிற ஆளையே சாட்சிக்கு அனுப்புகிற நேர்மை எங்கள் ஊருக்கு உண்டு.

பெருநகரத்து ஓட்டம்

விடியற்புறம் போனால் காலிமுகத்திடலில் திருவிழா. மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சனத்தையெல்லாம் துள்ளப்பண்ணுகிறார். அன்ரன் எஞ்சின் சாமான் பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஓடமுன்னமே களைக்கப் பண்ணுறாங்கள். உவங்கள் ஆரின்ரை ஆக்கள்?"

எல்லாரும் தங்கள் இலக்கச் சீட்டை ஊக்குக் குத்திச் சட்டையில் கொழுவிக்கொண்டு நின்றார்கள். ஒரு பக்கம் குத்த மறு பக்கம் காற்றில் எழும்புகிறது. நான் முதல் நாளே நான்கு பக்கமும் நூல் ஓடித் தைத்துவிட்டேன். தையல்காரிக்கு இலக்கம் பறந்தது என்றால் அவமானம். பக்கத்தில் நின்ற பெடியன் இடுப்பைச் சுற்றித் தோட்டா மாதிரிச் சின்னச் சின்னப் பைகள் கட்டியிருந்தான். உள்ளே ஏதோ களியாம், சக்தி தருமாம். என் இடுப்பில் இருந்தது விபூதிச் சரையும் கொஞ்சம் தோடம்பழ இனிப்பும்.

"அன்ரி, உங்கட பேஸ் என்ன? கிலோமீற்றருக்கு எத்தனை நிமிசம்?" என்று கேட்டான்.

"தம்பி, இடுப்பளவு தோளளவு கேளும், சொல்லுறன்."

வெடி வெடித்தது. ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் கைக்கடிகாரத்தை அமத்தினார்கள். ஓடத் தொடங்கினதும் பாதிப் பேர் நின்று படம் எடுத்தார்கள். நகரத்தில் ஓடுகிறவர்கள் ஓடுவதைவிட ஓடினதாகக் காட்டுவதற்குத்தான் கூடக் களைக்கிறார்கள். நான் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்த முகம் வந்துவிடும் என்று பயம்.

வெள்ளவத்தை வந்தது. கதிரை அங்கேயே இருந்தது. இந்த முறை புது மெத்தை போட்டிருந்தார்.

"மலர்! சுடச்சுட!"

"பேந்து வாறன் அத்தான்!"

நான் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. பாலப்பத் தட்டோடு அவர் வீதியில் கொஞ்சத் தூரம் ஓடி வந்தது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது. தீபாவளி வரைக்கும் அத்தான் என் போனை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. தார் வீதி தோசைக்கல் மாதிரி. கடலுக்கு நடுவே போகிற எங்கள் தாம்போதி வீதியில் சோளகக் காற்றாவது முதுகில் அடிக்கும், இங்கே காற்றையும் கட்டடங்கள் வாங்கிக்கொண்டன. கால் ஓட்டமும் நடையுமாக வந்தது. அப்போது பின்னால் அந்தப் பஸ். பழைய சிநேகிதன் மாதிரிப் பக்கத்தில் ஊர்ந்து வந்தது. கதவு திறந்தது.

"ஏறுங்க அக்கா, ஏசி போட்டிருக்கு" என்றார் சாரதி.

உள்ளே இருந்தவர்கள் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டே யன்னலால் கை தட்டினார்கள். பிறந்ததிலிருந்து நான் யாருடைய ஏற்றத்தையும் மறுத்ததில்லை. மறுக்க வேண்டி வந்தால் எங்கள் ஊரில் சொல்வதற்கு ஒரே ஒரு வசனம்தான் இருக்கிறது. அதையே சொன்னேன்.

"கிட்டத்தான் தம்பி, நீங்கள் போங்கோ."

கிட்ட இல்லை. அவருக்கும் தெரியும். பஸ் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முந்திப் போனது.

வாசல்

முடிகிற இடத்தில் காற்று ஊதி நிமிர்த்திய பெரிய வாசல் ஒன்று. தூரத்தில் அதைக் கண்டபோது எனக்கு அழுகை வந்தது. கிட்ட வரக் கிட்ட வர, வாசல் சரிகிறது. என் கண் சரிகிறது என்று நினைத்தேன். இல்லை. நேரம் முடிந்து, காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். நேரம் காட்டிய பெட்டியும் அணைந்துவிட்டது. தொழிலாளர் வாசலின் கயிறுகளை அவிழ்க்கிறார்கள்.

கயிறு அவிழ்ப்பதைக் கண்டால் அன்ரனுக்குக் கை சும்மா இராது.

அவருடைய சிங்களம் வள்ளத்துச் சிங்களம். நயினாதீவின் நாகதீப விகாரைக்கு வருகிற சிங்களப் பயணிகளிடம் சொல்லிச் சொல்லிப் பாடமான சில வசனங்கள்: இருங்கோ, உள்ளே தள்ளுங்கோ, மிதவைச் சட்டையைப் போடுங்கோ, கொஞ்சம் பொறுங்கோ. எல்லாவற்றையும் ஒன்றாகக் கத்தினார். "பொட்டக் இன்ன! பொட்டக் இன்ன!", கொஞ்சம் பொறுங்கோ, என்று கடலில் கேட்கிற குரலில் கத்தினால் யார்தான் நிற்கமாட்டார்கள்? ஒரு தொழிலாளி நிலத்தில் இருந்தே விட்டார். அன்ரன் எஞ்சின் பொதியை நிலத்தில் வைத்துவிட்டு, ஓடிப்போய் வாசல் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றிச் சாய்ந்து நின்றார். காற்றுப் போன வாசல் அவர் தலைக்கு மேல் தொங்கியது.

"ஆள் ஓடி வருகுது! கண் தெரியேல்லையோ? ஆள் ஓடி வருகுது!"

நான் குனிந்துகொண்டு வாசலுக்குள்ளால் போனேன்.

கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு பிள்ளை வந்தாள். நல்ல பிள்ளை, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சொறி அன்ரி, டைம் முடிஞ்சிருச்சு. மெடல் பெட்டியெல்லாம் லொறியில ஏத்தியாச்சு. ரிசல்ட்ல வராது."

மெடலுக்குப் பதிலாக ஒரு ஷம்பூப் பக்கெற்றும், உடற்பயிற்சி நிலையம் ஒன்றில் சேருவதற்கு விலைக் கழிவுச் சீட்டும் தந்தாள்.

அன்ரன் இன்னும் கயிற்றை விடவில்லை. "பிள்ளை, முடிஞ்சது உங்கடை நேரம். அவ அப்ப ஓடி முடிக்கேல்லையே!"

"ரூல்ஸ் அப்பிடித்தான் அங்கிள்."

"என்ன ரூல்ஸ்? ஓடி வாற ஆளைக் கண்ணாலை கண்டுகொண்டு ஆரும் கயிறு அவிழ்ப்பினமோ? நீங்களெல்லாம் மனுசரோ?"

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் மெல்லக் கயிற்றை விட்டுவிட்டு, எஞ்சின் பொதியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று கனநேரம் தட்டிக்கொண்டு நின்றார்.

தீர்ப்பு

இறங்குதுறைக் கடையில் எல்லாரும் காத்திருந்தார்கள். சிவபாக்கியம் அக்கா இதற்கென்றே வள்ளம் ஏறி வந்திருந்தார்.

"மெடல் எங்கை?"

"தரேல்லை அக்கா. நேரம் முடிஞ்சுதாம்."

"அப்ப முடிக்கேல்லை."

"முடிச்சவ" என்றார் அன்ரன். "நான் கண்டனான்."

"முடிக்கேல்லையெண்டு ஆர் சொல்லினம்?" அக்கா அன்ரனைக் கேட்டார்.

"கொம்பியூட்டர்."

"கொம்பியூட்டர் அங்கை நிண்டு கண்டதோ?"

"இல்லை. அதை முதலே நிப்பாட்டிப் போட்டினம். நான்தான் வாசல் விழாமல் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். கயிறு அறுத்த உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.

சிவபாக்கியம் அக்கா அந்தக் கையை வடிவாகப் பார்த்தார்.

"தெரியாத ஊரிலை போய் ஆரின்ரையோ வாசலைப் பிடிச்சனீர். இஞ்சை எனக்கு உம்மடை கயிற்றைப் பிடிக்க ஏலாமல் போச்சோ?"

அன்ரனின் கை விரித்தபடியே இருந்தது. கடைக்காரர் அதில் ஒரு தேத்தண்ணியை வைத்தார்.

அடுத்த நாள் காலை நான் அதே இலக்கம் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினேன். தூரத்திலேயே என்னை அடையாளம் கண்டு, வள்ளம் வெளிக்கிடட்டும் என்றுதான் போட்டேன். இறங்குதுறை தெரிந்தது. வள்ளம் நிறைந்து நிற்கிறது. யாரோ சொல்வது கேட்டது: "அது தையல் மலர், எடும் அன்ரன்!"

"தெரியும்" என்றார் அன்ரன். கயிறு அவர் கையில் இருந்தது. "ஆள் ஓடி வருகுது."

வள்ளத்தில் முணுமுணுப்பு எழும்பியது. எல்லாருக்கும் மேலாக ஒரு குரல். இரவு இந்தக் கரையிலேயே தங்கிவிட்ட சிவபாக்கியம் அக்கா முன்பக்கத்தில் எழும்பி நின்று, இரண்டு கையையும் வீசிக் கத்துகிறார்.

"கெதியா வாடி! எங்களுக்குப் பூசைக்கு நேரமாகுது!"

கொழும்பிலும் ரொறன்ரோவிலும் வராத வேகம் அன்றைக்கு என் காலுக்கு வந்தது. இரும்புக் கட்டையைத் தொட்டேன். புதுச் சாமான் போட்ட எஞ்சின் ஒரே இழுவையில் பிடித்தது.